எரிமலை பார்க்கப் போன குடும்பம்

எங்கள் குடும்பத்தில் விடுமுறை என்றால் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் பெரியம்மா வீடுதான். எட்மண்டனில் ரயில் ஏறி, நடுவில் மாறி, பிறகு பஸ் பிடித்து, லண்டனின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்குப் போவோம். அங்கேயும் எங்கள் வீட்டில் சாப்பிடும் அதே சோற்றையும் கறியையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகள் ஸ்பெயின், துருக்கி என்று கட்டுரை எழுத, நான் பெரியம்மா வீட்டுப் பூனையைப் பற்றி எழுதுவேன். இப்படிப்பட்ட நாங்கள், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இந்து சமுத்திரத்தில் இருக்கும் ஓர் எரிமலைத் தீவுக்குப் போனோம். பெரியம்மா அதை இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. பிரான்ஸில் நெடுங்காலம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையுமாக எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தவர். கடைகளுக்குக் குளிர் அறை பொருத்திப் பூட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். பிரான்ஸில் இருந்த காலத்தில் வேலை செய்த கம்பனி அவரை இரண்டு வருடம் ரியூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுக்கு அனுப்பியிருந்தது. மொறீசியசுக்கு அயலில் இருக்கும் வெக்கையான இடம். அங்கே மீனையும் இறைச்சியையும் குளிரில் வைக்க ஆள் தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அவருக்கு வலது காது கேட்காது. சண்டைக் காலத்தில் ஊரில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்த அன்று போனது. அவரோடு கதைக்க வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் யோசிக்காமலே அப்படிப் போவோம். அந்த ஷெல் இன்னொன்றையும் அவருக்குக் கொடுத்திருந்தது. சில இரவுகளில் நித்திரையில் பெரிதாகக் கத்துவார். அப்பா ஒருமுறை தோளில் தட்டி எழுப்பப் போய் உதடு வெடித்துத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அம்மாதான் போவார். கதவடியில் தள்ளி நின்று, ‘அப்பன்... அப்பன்...’ என்று மெதுவாகக் கூப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும்.

இந்த விஷயம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. காரணம் இருந்தது. பாரிசில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசி, எல்லாம் பொருந்தி, கடைசியில் யாரோ போய் ‘மாப்பிள்ளை இரவில கத்துறவராம்’ என்று சொல்லிவிட, அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. அதன் பிறகு அம்மா என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். நான் என் உயிர்ச் சிநேகிதிக்குக்கூட மூச்சு விடவில்லை.

அம்மா கலியாணம் கட்டி வந்தபோது சித்தப்பா அரைக்காற்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன். கொஞ்ச நாளில் அவருடைய தாய் காலமாகிவிட்டார். பிறகு அவருக்குச் சோறு போட்டதும், சட்டை தோய்த்ததும், தேவைப்பட்டபோது இரண்டு போட்டதும் அம்மாதான். அதனால் அவருக்குப் பெண் பார்க்கும் பொறுப்பையும் அம்மாவே தலையில் போட்டுக்கொண்டார். கனடாவில் இருந்து படம் வரும், நோர்வேயில் இருந்து படம் வரும். சித்தப்பா ஒரு படத்தைப் பார்த்து ‘சிரிக்கேல்லை’ என்பார். அடுத்ததைப் பார்த்து ‘கனக்கச் சிரிக்குது’ என்பார்.

உண்மை என்னவென்றால், அந்தத் தீவில் அவர் ஒரு பெண்ணை விரும்பியிருந்தார். அண்ணி சரி என்றால் கட்டுவது, இல்லை என்றால் ஒருவரையும் கட்டுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டும் இருந்தார். ஆனால் அண்ணியிடம் வாயைத் திறந்து கேட்கப் பயம். இரண்டு ஊர் தள்ளியிருந்த பெண்ணையே ‘அந்தப் பகுதி எங்களுக்குச் சரிவராது’ என்று தட்டிக்கழித்தவர் அம்மா. கடல் தாண்டி, பிரெஞ்சு பேசுகிற பெண் என்றால் என்ன சொல்வார்? இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னைப்போல எரிமலையையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

சித்தப்பா கண்டுபிடித்த உபாயம் நான்தான். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் எரிமலை படிப்பித்தார்கள். களிமண்ணில் மலை செய்து, அப்பச்சோடா போட்டு, சிவப்புச் சாயம் கலந்த வினாகிரியை ஊற்றிப் பொங்க வைத்தோம். நான் அதை வீட்டிலும் செய்து அம்மாவின் மேசை விரிப்பைச் சிவப்பாக்கிய அன்று சித்தப்பா பக்கத்தில் வந்து இருந்தார்.

“இது வினாகிரி. உண்மையானது பாக்க ஆசையில்லையோ?”

அன்றில் இருந்து ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு எரிமலைக் கதை. நெருப்பு ஆறாக ஓடி வருமாம். றோட்டைக் குறுக்கறுத்துக் கடலுக்குள் விழுமாம். விழும் இடத்தில் கடல் கொதிக்குமாம். அப்படியென்றால் மீன் அவிந்துபோகாதா, அதைச் சாப்பிடலாமா, றோட்டு போனால் பிறகு பஸ் எந்த வழியால் போகும் என்று நான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். கேள்விகள் முடிவில்லாமல் அப்பாவிடமும் அம்மாவிடமும் போயின. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கோயிலுக்குப் போகும் காரில், எரிமலை எரிமலை என்று நச்சரித்தேன். கடைசியில் சித்தப்பா, பாவம் பிள்ளை ஆசைப்படுது, டிக்கெட் நான் போடுறன் என்றார். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அங்கை சனம் என்ன சாப்பிடும்?”

“சோறும் கறியும்தான் அண்ணி.”

அதோடு பயணம் நிச்சயமானது. வெக்கை நாட்டுக்கு எதற்கு என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொள்ள, அம்மா எல்லோருடைய குளிர் ஜாக்கெட்டையும் சூட்கேஸில் அமுக்கினார். மிச்ச இடத்தில் புட்டு மாவும் மிளகாய்த்தூளும் போயின.

அம்மாவின் ஒரு குணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் யாருக்கும் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். சாடையாகத்தான் சொல்வார். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பூனைக்குச் சொல்கிற மாமியார்கள் எங்கள் சனத்தில் நிறைய உண்டு. எங்கள் வீட்டில் பூனை இல்லாததால் நான் இருந்தேன். விருந்தாளிகள் எழும்பாமல் இருந்தால், ‘நாளைக்குப் பள்ளிக்கூடம், போய்ப் படு’ என்று என்னை அதட்டுவார். நாளைக்குச் சனிக்கிழமை அம்மா என்று நான் விளக்கம் கொடுப்பேன். எனக்கு விழும் பேச்சு யாருக்குரியது என்று திரும்பிப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

தீவில் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. விமான நிலையத்தில் பாதிப் பேருடைய முகம் எங்கள் முகம். எட்மண்டன் கடையில் மரக்கறி நிறுக்கும் மாமாவைப்போலவே அச்சாக ஒருவர் நின்றார். நான் ஓடிப்போய்த் தமிழில் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து, அன்பாகச் சிரித்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இவர்களுடைய பூட்டன் பூட்டிமாரைக் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டில் இருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள், கோயிலை விடாமல் வைத்திருக்கிறார்கள், மொழிதான் தேய்ந்துவிட்டது என்று சித்தப்பா விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் கடைசித் தமிழ்ச் சொல்லை மறந்தவர் யார்? அது எந்தச் சொல்? எனக்கு எரிமலையைவிட இந்தக் கேள்வி இரண்டு நாள் பெரிதாக இருந்தது.

வெளியே நீல நிற வான் வண்டியோடு ஓர் அக்கா நின்றார். சுருட்டை முடி, நெற்றியில் சின்னப் பொட்டு. சித்தப்பா எங்களைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

“இவதான் வான் ஓடப்போறா. எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போவா. தமிழ் தெரியாது.”

அந்த அக்கா எங்களுக்குக் கை கூப்பினார். பிறகு சித்தப்பாவிடம் ஏதோ கேட்க வேண்டி வந்தபோது, சூட்கேஸ் தள்ளுவண்டியைச் சுற்றி நடந்து அவருடைய இடது பக்கம் போய் நின்று கேட்டார். நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். அம்மா கவனித்தார்.

அடுத்த நாள் கருப்பு மணல் கடற்கரைக்குப் போனோம். கருப்பு மணலில் கால் வைத்தால் கால் கருக்குமா என்று போகும் வழியில் வானுக்குள் நான் யோசித்துக்கொண்டு இருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

“பிள்ளை, அந்த அக்காவின்ரை இடது தோடு கழண்டு விழப்போகுது, பார்.”

முன்னால் வான் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை மேலே போய்த் தோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஸ்டியறிங்கில் இருந்தது. சித்தப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டு இருந்தார்.

“இல்லை அம்மா, தோடு நல்லாத்தானே கிடக்குது” என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். நான் என்ன பிழை விட்டேன் என்று கடற்கரை முழுக்க யோசித்தேன்.

எரிமலைக்குப் போகும் நாள் வந்தது. காலை கடந்தால் முகில் வந்து மூடிவிடும் என்பதால் விடியுமுன்னே வெளிக்கிட்டோம். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. அம்மா பையில் போட்டுக்கொண்டு வந்த ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா தன்னுடையதை முதல் ஆளாக வாங்கிப் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு சின்ன ஊரின் பேக்கரியில் இருந்து பாண் வேகும் மணம் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பாண் வாங்க இறங்கிப் போனார்கள். வானுக்குள் அம்மாவும் நானும் முன்னால் அந்த அக்காவும் மட்டும்.

அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பினார். நிதானமாக, சொல் சொல்லாக, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தொடங்கினார்.

“பிள்ளை, கவனமாய்க் கேள். சித்தப்பா சில நாளில இரவில கத்துவார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்மண்டனில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என் தலையில் சத்தியம் வாங்கியவர், இங்கே தெரியாத ஒருவருக்கு முன்னால் இப்படிச் சத்தமாகச் சொல்கிறார்.

“எனக்குத் தெரியும் அம்மா.”

“தெரிஞ்சாலும் கேள். ஷெல் விழுந்த நாளிலை இருந்து அப்பிடி. விசர் இல்லை. குடிவெறியும் இல்லை. கத்தினா ஓடக் கூடாது. தொடவும் கூடாது. தள்ளி நிண்டு, ‘அப்பன்... அப்பன்...’ எண்டு மெல்லமாய்க் கூப்பிட வேணும். அவரின்ரை அம்மா கூப்பிட்ட பேர் அது. எழும்பினாப் பிறகு தண்ணி குடுக்க வேணும். என்ன கனவு எண்டு கேக்கவே கூடாது.”

அந்த அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டார். நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டு இருந்ததால் எனக்குக் கவலையாக இருந்தது.

“மற்றும்படி அவர் பத்தரை மாற்றுத் தங்கம். ஆனா இதோட இருக்க ஏலுமெண்டால்தான் இருக்க வேணும். ஏலாதெண்டால் இப்பவே விட்டிட வேணும். பாதியில விட்டிட்டுப் போனா அவர் தாங்க மாட்டார். விளங்கிச்சோ? ஏலுமோ?”

“ஏலும்” என்றேன் எரிச்சலோடு. அவருக்கு அடுத்த அறையில் இத்தனை காலம் படுக்கிறவள் நான். எனக்கா ஏலாது?

என் பதில் அம்மாவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவின் முகம் தெரிந்த முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த அக்கா இரண்டு கையாலும் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் நீட்டு நீட்டுப் பாண்களோடு திரும்பி வந்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது முகில் வரவில்லை. மரம் இல்லை, புல் இல்லை, எங்கே பார்த்தாலும் கருப்பும் செம்மையுமாக வெறும் நிலம். விளிம்பில் நின்று பார்த்தால் கீழே பெரிய பள்ளமாக ஒரு கிடங்கு, அதன் நடுவில் ஒரு மலை. நெருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

“நெருப்பு எங்கை?”

“இப்ப நித்திரை” என்றார் சித்தப்பா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

நான் அழுதேன். வினாகிரி ஊற்றினால்கூட எங்கள் பள்ளிக்கூட மலை பொங்கும். இவ்வளவு தூரம் வந்து, ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நித்திரை கொள்ளும் மலையைப் பார்க்கவா? அப்போது அந்த அக்கா என் கையைப் பிடித்து ஒரு கல்லுக்குக் கூட்டிப்போனார். பிசைந்து முறுக்கிவிட்ட மாவைப்போல மடிப்பு மடிப்பாக இருந்தது. அவர் பிரெஞ்சில் சொல்லச் சித்தப்பா தமிழில் சொன்னார். இந்தக் கல் உள்ளே இருந்து வெளியே வந்தபோது நான் மூன்று வயதுப் பிள்ளையாம். நான் அழுகையை நிறுத்தினேன். கல் என்றால் உலகத்தில் எல்லோருக்கும் மூத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் கல் எனக்கு இளையது. நான் தோர்ண்டன் ஹீத் பூனையைத் துரத்திக்கொண்டு திரிந்த நாட்களில் இது கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் தலையைத் தடவிவிட்டேன்.

திரும்பும்போது முகில் இறங்கிவிட்டது. றோட்டுக்கு இரண்டு பக்கமும் புல்வெளி, அதில் மாடுகள் நிழலாகத் தெரிந்தன. முன் சீற்றில் சித்தப்பாவின் தலை மெல்ல மெல்லச் சரிந்தது. விடியுமுன் எழும்பியவர், நித்திரையாகிப் போனார். கொஞ்ச நேரத்தில் கத்தத் தொடங்கினார்.

வீட்டில் சுவருக்கு அப்பால் கேட்டுப் பழகிய சத்தம்தான். ஆனால் அடைத்த வானுக்குள், இவ்வளவு கிட்டத்தில், நான் ஒருநாளும் கேட்டதில்லை. கையும் காலும் வெட்டி வெட்டி அடித்தன. அப்பா பாய்ந்து எழும்பினார். அம்மா அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்து அழுத்தி இருத்தினார். அவ்வளவு பலம் அம்மாவின் கையில் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். வழக்கமாகக் கூப்பிடுகிற அவர், முன்னால் இருந்த அக்காவின் பின்தலையைப் பார்த்தபடி சும்மா இருந்தார்.

அந்த அக்கா வானை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து றோட்டில் இறங்கினார். சித்தப்பாவின் கேட்கிற காதின் பக்கம் அது. ஓரடி தள்ளி நின்று, திறந்த கதவுக்கு ஊடாகக் கூப்பிட்டார்.

“அப்பன்...”

ஒரு லொறி பெரிய ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரை உரசுவதுபோலப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பன்... அப்பன்...”

சத்தம் குறைந்து, முனகலாகி, நின்றது. சித்தப்பா கண்ணைத் திறந்தார். அக்கா ஏறி இருந்து, தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா குடித்தார். பிறகுதான் பின்னால் நாங்கள் இருப்பது நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். சோதனையில் கொப்பி அடித்துப் பிடிபட்ட பையனின் முகம் அது.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த அக்காவிடம் நேரடியாகத் தமிழில் கேட்டார்.

“பிள்ளை, சாப்பிட்டனியோ?”

“இன்னும் இல்லை அண்ணி.”

அம்மா புட்டுப் பெட்டியைத் திறந்து, மூடியில் அள்ளிப் போட்டு, சம்பலும் வைத்து, எல்லோருக்கும் முதலில் அவருக்கு நீட்டினார். சித்தப்பா முன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. கெட்ட கனவாக இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கவில்லை. தமிழ் தெரியாத அக்காவுக்கு எப்படித் தமிழ் வந்தது என்பதைச் சுலபமாகத் தீர்த்துக்கொண்டேன். தீவின் சனங்கள் மறந்த தமிழ் மலை ஏறிய குளிரில் அவருக்குத் திரும்ப ஞாபகம் வந்திருக்க வேண்டும். அம்மாவை ஏன் அண்ணி என்றார் என்பதற்கும் விடை இருந்தது. சித்தப்பா எந்த நேரமும் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதால் அதுதான் அம்மாவின் பெயர் என்று நினைத்துவிட்டார், பாவம். அம்மா திருத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் திருத்தவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டு போட்டார்.

எனக்கிருந்த உண்மையான பயம் வேறு. எங்கள் வீட்டு இரகசியம் வெளியே போய்விட்டது. இந்த அக்கா யாருக்காவது சொல்லி, அது பாரிசுக்குப் போய், சித்தப்பாவுக்குக் கலியாணமே நடக்காமல் போனால்? லண்டன் திரும்பும் விமானத்தில் அம்மாவைக் கேட்டேன், ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றுவிட்டு நீங்களே ஏன் அந்த அக்காவுக்கு முன்னால் சொன்னீர்கள் என்று.

“நான் உனக்குத்தானே சொன்னனான்” என்றார் அம்மா.

அடுத்த வருடம் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கலியாணம் நடந்தது. அந்த அக்கா எனக்குச் சித்தியானார். எங்கேயோ இருந்து வந்த பெண் என்று முணுமுணுத்த பெரியம்மாவுக்குக் கேட்கும்படியாக அம்மா எனக்குப் பெரிதாக ஏசினார், நான் சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதபோதும். சித்தப்பா எட்மண்டனை விட்டுத் தீவுக்கே போய்விட்டார். மேல்மாடி அறை எனக்குக் கிடைத்தது.

எனக்கென்று ஓர் அறை என்ற சந்தோஷப் புளுகத்தில் சுவர் முழுக்க எரிமலைப் படம் ஒட்டினேன். ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. சில இரவுகளில் அம்மா படியேறி வந்து கதவைத் திறப்பார். உள்ளே வர மாட்டார். கதவடியில் தள்ளி, ஏதோ கேட்கும் என்று காத்திருப்பதுபோல வெகுநேரம் நிற்பார். நான் போர்வைக்குள் டோர்ச் வைத்துப் புத்தகம் வாசிப்பதைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் டோர்ச்சை அணைத்து, கண்ணை இறுக மூடி, நல்ல பிள்ளையாக, ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தேன்.